மசித்த பட்டர்நட் ஸ்குவாஷ்

மசித்த பட்டர்நட் ஸ்குவாஷ் என்பது வட அமெரிக்க இல்லங்களில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் செய்யப்படும் ஒரு துணை உணவு ஆகும். பூசணிக் குடும்பத்துக் காய் ஒன்றை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் உப்பும் சேர்த்து இது ஆக்கப்படுகிறது. வாட்டிய கோழி, வான்கோழி ஆகியவற்றுடன் பரிமாறப்படும். ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றியறிதல் நாள் விருந்திலும் இது இடம்பெறுவதுண்டு.

பெயர்

ஸ்குவாஷ் என்னும் சொல் அமெரிக்க முதற்குடிகளுள் ஒருவரான நாராகன்செட் மக்களின் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மூலச்சொல்லுக்குப் பச்சையாக உண்ணப்படுவது என்று பொருள். குழைய வேகவைத்து உண்ணும் இவ்வுணவுக்கு அது பொருந்தாப் பெயரே. இதே பெயரில் விற்கப்படும் பழப்பானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

காய்

பட்டர்நட், குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்னும் இனத்தைச் சேர்ந்தது. தமிழர் சமையலில் உள்ள பரங்கிக்காயின் பல வகைகளும் இதே இனமே. இவ்வினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பரங்கி என்ற பெயரே இக்காய் கடல் கடந்து வந்ததைக் காட்டுகிறது. எனவே பரங்கிக்காயிலும் இதனைச் செய்யலாம், ஆனால் நீர் மிகுந்த காய்களில் மசியல் தளர்ந்துவிடும்.

பட்டர்நட் காயின் கழுத்து நீண்டும் அடி பருத்தும் இருக்கும். கழுத்தில் விதை இராது, முழுவதும் சதையே. ஆகவே கழுத்துத் தடித்த காயைத் தேர்வது நன்று. முற்றிய காயின் தோல் பளபளப்பற்ற வெளிர் பழுப்பு நிறமாகவும், நகம் பதியாத அளவுக்குக் கடினமாகவும் இருக்கும். பறித்தவுடன் சமைப்பதைவிடச் சில வாரங்கள் வைத்திருந்து சமைப்பதே மேல். சேமிப்பின்போது மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி இனிப்புக் கூடுகிறது.

செய்முறை

நால்வருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள காய் ஒன்று, 30 கிராம் வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள், சிறிது சாதிக்காய்த் தூள் ஆகியவை போதும். காயை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து விதையும் நாரும் வழித்தெடுத்து, வெட்டிய பக்கம் கீழாகத் தட்டில் கவிழ்த்து, 200 பாகை செல்சியசு சூட்டில் ஓவனில் 45 முதல் 60 நிமிடங்கள் வாட்ட வேண்டும். கழுத்தில் கத்தி தடையின்றி இறங்கினால் வெந்தது எனக் கொள்ளலாம். பின் சதையைக் கரண்டியால் வழித்து, சூடாக இருக்கும்போதே வெண்ணெய் சேர்த்து மத்தினால் மசிக்க வேண்டும். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும்.

துண்டுகளாக்கி நீரில் வேகவைப்பது விரைவான முறைதான். ஆனால் சதை நீரை உறிஞ்சிக்கொள்வதால் சுவை நீர்த்துப்போகிறது. அதனைச் சரிக்கட்டவே பலர் பழுப்புச் சர்க்கரையை அள்ளிப் போடுகின்றனர். ஓவன் இல்லாதோர் ஆவியில் வேகவைத்து, மசித்தபின் அடிகனத்த பாத்திரத்தில் சில நிமிடங்கள் கிளறி நீரை வற்றச் செய்யலாம். பச்சைக் காயின் தோலைச் சீவும்போது கசியும் சாறு சிலருக்குக் கைத்தோலை இறுக்கி உரியச் செய்யும். தோலுடன் வாட்டுவோருக்கு இத்தொல்லை இல்லை.

எச்சரிக்கை

கசக்கும் காயைச் சமைத்தல் ஆகாது. கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் வேகவைப்பதால் அழிவதில்லை. 2015ஆம் ஆண்டு செருமனியில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். சுக்கினியும் பூசணிக் குடும்பக் காயே. சமைக்குமுன் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது நல்ல வழக்கம்.

மீந்த மசியலைக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாட்கள் வைக்கலாம். உறைநிலையில் பல மாதங்கள் கெடாது. ஆனால் புட்டியில் அடைத்துப் பதப்படுத்துதல் கூடாது. பூசணியில் புளிப்புத்தன்மை குறைவு, மசியலோ அடர்த்தியானது. புட்டியின் நடுப்பகுதிக்கு வெப்பம் போதிய அளவு எட்டாமல், போட்டுலினம் நுண்ணுயிரின் வித்துகள் பிழைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டி நூல், பூசணியை 2.5 செ.மீ. துண்டுகளாக, அதுவும் அழுத்தக்கலத்தில் மட்டுமே பதப்படுத்த முறை கூறுகிறது. அத்துண்டுகளைப் புட்டியிலிருந்து எடுத்தபின் மசித்துக்கொள்ளலாம்.