பழைய தளத்தை உரசுவதா, மாற்றுவதா?

தேய்ந்துபோன மரத்தளத்துக்கு இரண்டு வழிதான் இருக்கு. மேல்பரப்பை உரசி எடுத்துத் திரும்ப வார்னிஷ் பூசலாம். இல்லையெண்டால் எல்லாத்தையும் கழற்றிவிட்டுப் புதுசு போடலாம். மரவேலைக்காரரின் கணக்கு நேரானது: ஒவ்வொரு முறை உரசும்போதும் கொஞ்சம் மரம் போகும், பலகை மெலிந்துபோனால் உரச ஒன்றும் மிஞ்சாது, மாற்றத்தான் வேணும். ஆனால் ஒரு நகரமே அந்தத் தளத்தைத் தன் நினைவாக வைத்திருந்தால்? அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துக்கு இந்தக் கேள்வி வந்தது.

1946இல் அங்கே செல்டிக்ஸ் என்ற கூடைப்பந்தாட்ட அணி தொடங்கப்பட்டது. உலகப்போர் முடிந்து ஒரு வருஷம்தான், மரத்துக்குத் தட்டுப்பாடு. நீளப் பலகைகளுக்கு எங்கே போவது? கிடைத்த குட்டை ஓக் துண்டுகளைச் சேர்த்து, 5 அடிக்கு 5 அடிச் சதுரங்களாக்கி, அடுத்தடுத்த சதுரங்களில் மரத்தின் திசையை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்தது. அழகுக்காகச் செய்ததல்ல, வேறு வழியில்லாமல் செய்தது.

1952இல் அந்தத் தளம் பொஸ்டன் கார்டன் அரங்குக்குப் போனது. அங்கே ஐஸ் ஹொக்கியும் நடக்கும். அதனால் சதுரங்களைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே காலம் போனது. சில இடங்களில் பந்து ஒழுங்காக எழும்பாது, அந்த இடங்கள் செல்டிக்ஸ் வீரர்களுக்கு மட்டும் தெரியும் என்று ஒரு கதையும் பரவியது. உண்மையோ பொய்யோ, 1957க்கும் 1986க்கும் இடையில் அந்த அணி 16 தடவை சம்பியனானது. அதில் 11 தடவை பில் ரசல் அணியில் இருந்தார்.

பழம்பெருமை பேசுபவர்கள் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். நாங்கள் முடிக்க விரும்பவில்லை. ரசல் கறுப்பினத்தவர். வெற்றிக்குக் கைதட்டிய ஊரிலேயே அவரின் வீட்டை உடைத்து நாசமாக்கி, இனவெறி வசைகளை எழுதிவிட்டுப் போனார்கள். 1972இல் அவரின் இலக்கத்துக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தபோது, ரசிகர்களை உள்ளே விடமுதலே அந்தச் சடங்கை முடிக்கவேணும் என்றார். வெறும் கதிரைகளுக்கு முன்னால்தான் அது நடந்தது.

1995இல் பழைய அரங்கு மூடப்பட, தளம் புதிய அரங்குக்குப் போனது. 1999 டிசம்பரில் அதையும் மாற்றினார்கள். பழைய துண்டுகள் சிலவற்றைப் புதிய தளத்தில் சேர்த்தார்கள். பலவற்றை ரசிகர்கள் ஞாபகார்த்தமாகக் காசு கொடுத்து வாங்கிப்போனார்கள். சதுர வடிவம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. இல்லாமையில் பிறந்த கோலம், எல்லாம் இருக்கிற காலத்தில் விரும்பிப் போடுகிற கோலமாகிவிட்டது.

மாற்றியது பிழையென்று நாங்கள் சொல்லமாட்டோம். தேய்ந்த பலகையில் விளையாடி வீரர் ஒருவர் கால் முறித்தால் நினைவு வந்து தாங்காது. ஆனால் உரசினாலும் மாற்றினாலும் மேலே இருக்கிற ஒரு படை போகத்தான் செய்யும். மரத்தில் அது கீறலும் அழுக்கும். வரலாற்றில், வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஒருவர் ஏன் நின்றார் என்ற கேள்வியும் அந்தப் படையில்தான் இருக்கு. கோலத்தைக் காப்பாற்றுவது சுகம். அந்தக் கேள்வியையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான் பாடு.