எண்ணிம நிகழ்படக் குறிகை வரம்பு

எண்ணிம நிகழ்படக் குறிகை வரம்பு என்பது, நிகழ்படத்தில் கருமை, வெண்மை, நிறம் ஆகியவற்றைக் குறிக்கும் எண் மதிப்புகளின் எல்லை ஆகும். பதிவு, தொகுப்பு, ஒளிபரப்பு ஆகிய எல்லாக் கட்டங்களிலும் ஒரே வரம்பு பேணப்பட்டால்தான் படம் மாறுபாடின்றித் திரையில் தோன்றும்.

வரலாறு

ஒப்புமைத் தொலைக்காட்சியில் கருமையும் வெண்மையும் மின்னழுத்த அளவுகளால் குறிக்கப்பட்டன. இந்தியா 625 வரிகள் கொண்ட பிஏஎல் முறையைப் பின்பற்றியது. இங்கு வண்ண ஒளிபரப்பு தொடங்கிய 1982 ஆம் ஆண்டிலேயே, அவ்வளவுகளை எண்களாக மாற்றும் பன்னாட்டுப் பரிந்துரையும் வெளியானது. அது தற்போது பிடி.601 எனப்படுகிறது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான பிடி.709 (1990) இதே எல்லைகளைக் கொண்டுள்ளது.

மதிப்புகள்

8 பிட்டு குறிகையில் ஒளிர்மையின் கருமை 16, வெண்மை 235 ஆகும். நிறக் கூறுகள் 16 முதல் 240 வரை அமையும். 128 நிறமின்மையைக் குறிக்கும். 10 பிட்டு குறிகையில் ஒளிர்மை 64 முதல் 940 வரை அமையும். வடிகட்டிகளால் ஏற்படும் சிறு மிகைகள் வெட்டுப்படாதிருக்க இரு புறமும் இடம் விடப்பட்டுள்ளது. 8 பிட்டில் 0, 255 ஆகியவை ஒத்தியக்கக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டவை.

முழு வரம்பும் பிழைகளும்

கணினிப் படங்கள் பொதுவாக 0 முதல் 255 வரையிலான முழு வரம்பைப் பயன்படுத்துகின்றன. எனவே, ஒரே எண் இரு முறைகளிலும் வெவ்வேறு ஒளியளவைக் குறிக்கிறது. வரையறுத்த வரம்பிலுள்ள படத்தை முழு வரம்பாகக் கொண்டால் கருமை சாம்பலாகி, படம் வெளிறும். மாறாகக் கொண்டால் நிழல்களும் வெளிச்சங்களும் விவரமிழக்கும்.

எடுத்துக்காட்டாக, நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவை இரவில் படமெடுக்கும்போது, மின்விளக்குகளின் ஒளிர்மை 235 ஐத் தாண்டலாம். 236 முதல் 254 வரை பதிவான விவரத்தைத் தொகுப்பின்போது ஒளிர்மையைக் குறைத்து மீட்கலாம். 235 இல் வெட்டிச் சேமித்துவிட்டால், அந்தக் கோப்பிலிருந்து அவ்விவரத்தை மீட்க இயலாது.

கண்காணிப்பு

ஒளிர்மையை அலைவடிவங்காட்டியும் நிறத்தை வெக்டர்ஸ்கோப்பும் காட்டுகின்றன. ஒவ்வொரு கூறும் தனித்தனியே எல்லைக்குள் இருந்தாலும், அவை சேரும்போது திரையால் காட்ட இயலாத சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் உருவாகலாம். ஆகவே, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 103 பரிந்துரை இம்மூன்றையும் −5% முதல் 105% வரை அனுமதிக்கிறது. எல்லை மீறும் மதிப்புகளைத் தானாக வெட்டும் கருவிகள் உள்ளன. எனினும் முதலில் ஒளிர்மையையும் நிறச்செறிவையும் சரிசெய்து, வெட்டுதலை இறுதியில் மட்டும் மேற்கொள்வதே விவரத்தைக் காக்கும் முறையாகும்.