அமெரிக்க மதுவிலக்கும் திராட்சைக் கட்டியும்

மதுவிலக்கு என்னும் சொல் காதில் விழுந்தவுடன் நம்மவருள் ஒரு சாரார், "அமெரிக்காவே முயன்று தோற்றது, நாம் எம்மாத்திரம்?" என்று கூறி வாதத்தை முடித்து விடுவது வழக்கம். மற்றொரு சாரார், அத்தோல்விக்குக் கள்ளக்கடத்தல்காரரும் சிகாகோ நகரத்துத் துப்பாக்கிக் கூட்டத்தாருமே காரணம் என விடை பகர்வர். இவ்விரு திறத்தார் கண்ணிலும் படாத பொருள் ஒன்று உண்டு. அது சமையலறையின் மூலையில் சத்தமின்றி அமர்ந்திருந்த சிறு மரப்பீப்பாய். அதனுள் பழச்சாறு இருந்தது. இரண்டு மாதம் சென்றபின் அதுவே மதுவாய் மாறியிருந்தது. சட்டம் அதனைப் பார்த்தும் பாராதது போல் இருந்தது. அப்பீப்பாயின் வரலாற்றை அறிந்தோர்க்கே அமெரிக்க மதுவிலக்கின் உண்மைப் படிப்பினை விளங்கும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

சட்டமும் அதன் சாளரமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் அரசியலமைப்புக்குரிய 18-ஆவது திருத்தம் 1919-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் உறுதி பெற்று, ஓராண்டு கழித்து 1920 ஜனவரி 17 முதல் அமலுக்கு வந்தது. அத்திருத்தத்தை நடைமுறைப்படுத்த எழுந்ததே வால்ஸ்டெட் சட்டம். ஜனாதிபதி வில்சன் அதற்கு இசைய மறுத்தும், 1919 அக்டோபரில் இரு சபைகளும் மீண்டும் வாக்களித்து அதனை நிறைவேற்றின. மதுவை உற்பத்தி செய்தல், விற்றல், ஏற்றிச் செல்லுதல் ஆகியன குற்றமாயின. குடித்தல் குற்றமன்று! ஆகவே, பணம் படைத்தோர் சட்டம் வருமுன்னரே தம் நிலவறைகளைப் புட்டிகளால் நிரப்பிக்கொண்டனர். அன்றாடக் கூலியை அன்றாடம் செலவிடும் தொழிலாளிக்கு நிலவறை ஏது?

நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் சாராயச் சத்துடைய எந்தப் பானமும் போதைப் பொருளே என்று அச்சட்டம் வரையறுத்தது. இத்துணைக் கடுமையான சட்டத்தின் 29-ஆவது பிரிவில் ஒரு சாளரம் திறந்திருந்தது. தம் இல்லத்தின் உபயோகத்திற்கு மட்டும் "போதை தராத" ஆப்பிள் சாறும் பழச்சாறும் செய்துகொள்வோர்க்குத் தண்டனை இல்லை என்பதே அது. ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த கிராமத்துக் குடியானவர்களின் ஆதரவை இழக்கச் சட்டம் செய்தோர் விரும்பவில்லை. ஆனால் வாற்கோதுமையிலிருந்து வடிக்கும் பீருக்கு அத்தகைய சலுகை அளிக்கப்படவில்லை. பீரோ நகரத்துத் தொழிலாளியின் பானம். பழத்துக்கு ஒரு நீதி, தானியத்துக்கு ஒரு நீதி என்னும் இப்பாகுபாடு முதல் நாளிலேயே சட்டத்தின் வேரில் புழுவாய் அமைந்தது.

சாறு மதுவாகும் வகை

திராட்சைச் சாற்றை மதுவாக்க வல்லுநர் எவரும் வேண்டுவதில்லை. பழத்தின் தோலிலும் பிழியும் கருவிகளிலும் கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் ஏறத்தாழச் சம எடையில் வெளியிடுகின்றன. இந்நொதித்தல் உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தம் சோதனைகளால் நிலைநாட்டினார். மதுவைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் 1866-இல் வெளிவந்தது. சாற்றைச் சூடாக்கினால் அவ்வுயிர்கள் மடியும், சாறு சாறாகவே நிற்கும். இவ்வுண்மையைக் கொண்டு 1869-இல் நியூ ஜெர்சி மாகாணத்தில் தாமஸ் வெல்ச் என்னும் பல் வைத்தியர், கிறிஸ்தவ ஆலய வழிபாட்டிற்குப் போதையற்ற திராட்சைச் சாறு செய்தளித்தார். மதுவை வெறுத்தோர் அதனைப் போற்றினர்.

சூடாக்கினால் சாறு, வாளாவிருந்தால் மது. இவ்வளவே வேற்றுமை! ஒரு மனிதன் தன் வீட்டில் சாற்றைப் பிழிந்து வைத்துவிட்டு வாளாவிருந்தான் என்பதற்காக அவனை எங்ஙனம் தண்டிப்பது? சட்டத்தை இயற்றியோர் இவ்வினாவை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இவ்வினாவை நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றவர் பால்டிமோர் நகரத்துக் காங்கிரஸ் சபை அங்கத்தினர் ஜான் பிலிப் ஹில். குடியானவனுக்கு உள்ள உரிமை நகரவாசிக்கு இல்லையா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. தம் நகர வீட்டுக்குப் 'பிராங்க்ளின் பண்ணை' என்று பெயர் சூட்டி, வெளிப்படையாகத் திராட்சை மதுவும் ஆப்பிள் சாறும் செய்து, தம்மீது வழக்குத் தொடருமாறு அதிகாரிகளை அவரே அழைத்தார். 1924-இல் வழக்கு நடந்தது. வீட்டுப் பழச்சாற்றுக்கு நூற்றுக்கு அரை என்னும் அளவு பொருந்தாது, அது உண்மையில் போதை தருவதா என்பதையே ஆராய வேண்டும் என நீதிபதி சோப்பர் ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். ஜூரிகள் ஹில்லை விடுதலை செய்தனர். சாளரம் அன்று முதல் வாயிலாயிற்று.

ரயிலேறிய திராட்சை

மதுவிலக்கு வந்தால் கலிபோர்னியா மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்கள் பாழாகும் என்று எல்லோரும் அஞ்சியிருந்தனர். நடந்ததோ நேர்மாறு. குளிர்ப் பெட்டிகளில் ஏறிய திராட்சை நியூயார்க், சிகாகோ முதலிய நகரங்களின் ரயில் நிலையங்களுக்கு வந்து குவிந்தது. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்து குடியேறிய தொழிலாளர் பெட்டி பெட்டியாக வாங்கிச் சென்று வீட்டில் பிழிந்தனர். விலை பன்மடங்கு உயர்ந்தது. சாகுபடி நிலம் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ இரட்டித்தது. பின்னர் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபோது தோட்டக்காரர் கடனில் மூழ்கியதும் உண்டு.

இவ்வாணிபத்தில் முதலிடம் பெற்றது 'அலிக்காந்தே பூஷே' என்னும் திராட்சை வகை. சுவையில் அது சிறந்ததன்று. ஆயினும் தடித்த தோலுடையதாதலின் நெடும்பயணத்தில் அழுகாது. அதன் சதையும் செந்நிறமாதலின், ஒரு முறை பிழிந்த சக்கையில் சர்க்கரை நீர் சேர்த்து மறுமுறை பிழிந்தாலும் நிறம் குன்றாது. இவ்வகையை நடுவதற்காக நல்ல மதுவுக்குரிய மேன்மையான கொடிகள் பல பிடுங்கி எறியப்பட்டன.

கட்டியும் பீப்பாயும்

பழத்தைச் சுமந்து செல்வதினும் சாற்றைச் சுண்டக் காய்ச்சி விற்பது எளிது என்பதை வணிகர் விரைவில் கண்டனர். உலர்ந்த திராட்சையை அழுத்திச் செங்கல்லைப் போன்ற கட்டிகளாக்கி விற்றோரும் உளர். 'வினோ சானோ' என்பது அத்தகைய கட்டிகளுள் ஒன்று. இக்கட்டிகளோடு ஓர் எச்சரிக்கையும் வந்ததாகச் சொல்வர்: இதனை நீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர், வைத்தால் மதுவாகிவிடும் என்று! செய்யாதே என்று சொல்லிச் செய்யும் முறையைக் கற்பித்த இச்சாதுரியத்தைக் கண்டு நகைப்பதா, வருந்துவதா?

1929-இல் கலிபோர்னியாத் திராட்சை வியாபாரிகள் ஒன்றுகூடி 'புரூட் இண்டஸ்ட்ரீஸ்' என்னும் கூட்டு ஸ்தாபனத்தை நிறுவினர். அது விற்ற சரக்கின் பெயர் 'வைன் குளோ'. போர்ட், மஸ்கட்டல், டோக்கே, ரீஸ்லிங், பர்கண்டி எனப் பல சுவைகளில் சாறு சிறு பீப்பாய்களில் வீடு தேடி வரும். ஸ்தாபனத்தின் ஆளே வந்து பீப்பாயை வைப்பார். அறுபது நாள் சென்றபின் மீண்டும் வந்து புட்டிகளில் நிரப்பிக் கொடுத்துச் செல்வார். தாங்கள் விற்றது சாறு மட்டுமே, பின்பு நிகழ்ந்தது இயற்கையின் செயல் என்பது அவர்கள் வாதம்.

இந்த ஸ்தாபனத்தின் வழக்கறிஞர் யார் தெரியுமா? மதுவிலக்குச் சட்டத்தின்படி வழக்குத் தொடரும் பொறுப்பை 1921 முதல் 1929 வரை சர்க்கார் தரப்பில் வகித்த மேபல் வாக்கர் வில்லிபிராண்ட் அம்மையாரே! நேற்று வரை குற்றவாளிகளைத் துரத்தியவர் இன்று சட்டத்தின் சந்துகளைக் காட்டும் வழிகாட்டியானார். அதுமட்டுமோ? தோட்டக்காரரின் துயர் தீர்க்கச் சர்க்காரின் விவசாய போர்டு இதே ஸ்தாபனத்துக்குக் கடனும் வழங்கியது. ஒரு கை பீப்பாயை உடைக்க, மறு கை பீப்பாய்க்குப் பொருள் கொடுத்தது. 1931-இல் இத்தகைய விற்பனை குற்றமே எனக் கான்சஸ் நகர நீதிமன்றம் பிறிதொரு கம்பெனியின் வழக்கில் தீர்ப்பளித்தபின், அவ்வாண்டு நவம்பரில் 'வைன் குளோ' விற்பனை நின்றது. 1933 டிசம்பர் 5-ஆம் நாள் 21-ஆவது திருத்தம் உறுதி பெற்று, மதுவிலக்கே மறைந்தது.

எஞ்சியது யாது?

சட்டம் மறைந்தபின்னும் வீட்டு மது மறையவில்லை. குடும்பத் தலைவன் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றித் திராட்சை மது செய்துகொள்ள இடமளிக்கப்பட்டது. பீருக்கு அவ்வுரிமை கிட்டியது 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தாலேயே. பழத்துக்கும் தானியத்துக்கும் இடையே இருந்த அப்பழைய அநீதி நீங்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன!

இன்று மேனாடுகளில் விற்கப்படும் வீட்டு மதுப் பெட்டிகள் அப்பீப்பாயின் பேரப்பிள்ளைகளே. சுண்டிய சாறு, ஈஸ்ட் பொட்டலம், மதுவைத் தெளிவிக்கும் களிமண் பொடி, ஈஸ்ட் மீண்டும் பெருகாது தடுக்கும் உப்புகள் ஆகியன அப்பெட்டிகளில் அடங்கியிருக்கும். பீச், ஸ்ட்ராபெர்ரி முதலிய பழச் சுவை வேண்டுவோர்க்கு, நொதித்தல் முற்றும் நின்றபின் சேர்ப்பதற்கெனத் தனிப் பொட்டலம் ஒன்று உண்டு. முன்னரே சேர்த்தால் ஈஸ்ட் அதன் இனிமையையும் தின்றுவிடும். நான்கு வாரத்தில் 23 லிட்டர் மது ஆயத்தமாகும். நாட்பட நாட்பட எல்லா மதுவும் மேன்மையுறும் என்னும் நம்பிக்கையும் பிழையானதே. துவர்ப்பு மிகுந்த சிவப்பு மது போன்ற சில வகைகளே பல்லாண்டு வைத்திருக்கத் தக்கவை. பழச் சுவை ஊட்டிய மெல்லிய மதுவின் மணம் நாளடைவில் மங்கிவிடுமாதலின், ஓராண்டுக்குள் பருகப்படுவதே அதற்கு உரியது.

நமக்குரிய படிப்பினை

அமெரிக்கச் சட்டம் முழுத் தோல்வி என்பதும் உண்மைக்கு மாறு. முதற்சில ஆண்டுகளில் நாட்டின் மொத்தக் குடி குறைந்தது. ஈரல் சுருக்க நோயால் மாண்டோர் தொகையும் முன்னிருந்ததைவிடக் குறைந்தே இருந்தது. ஆயினும் மூன்று பிழைகள் அதனை வீழ்த்தின. செல்வனுக்கு நிலவறையும் குடியானவனுக்குப் பழச்சாறும் விட்டுவைத்து, தொழிலாளியின் கோப்பையை மட்டும் பறித்தது முதற்பிழை. கடையை மூடிவிட்டு, மனிதன் கடையை நாடிய காரணத்தை ஆராயாதது இரண்டாம் பிழை. சாறு பிழியவும் வசதியற்ற ஏழையை நஞ்சின் வாயில் தள்ளியது மூன்றாம் பிழை. தொழிற்சாலைச் சாராயத்தில் சர்க்கார் ஆணைப்படி கலக்கப்பட்ட நச்சுப் பொருள்களால் பலர் மாண்டனர். 1930-இல் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்னும் கலப்பட மருந்தை அருந்திப் பல்லாயிரவர் கால் முடங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் ஏழைகளே.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்குத் தொடங்கியபோது, அமெரிக்காவின் தோல்வி நம்மவர் நாவில் புதிதாய் இருந்தது. மலாயாத் தோட்டங்களில் துரைமார் மன்றத்துக்கு விஸ்கியும் தொழிலாளர் லயத்துக்குக் கள்ளுக்கடையும் இருந்த காலத்தை நம் முதியோர் அறிவர். 1947-இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் எதிரே மறியல் செய்தபோது, அவர்கள் பிறர் இயற்றிய சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. தம் மக்களின் மானத்தையே துணைக்கழைத்தனர். கள்ளுக்கடை மறைந்த இடங்களில் மலிவுச் சம்சு புகுந்ததையும், 2018-இல் சிலாங்கூர்ப் பகுதியில் மெத்தனால் கலந்த மது பல தொழிலாளர் உயிரைக் குடித்ததையும் நாம் மறத்தலாகாது.

சட்டம் கடையின் கதவைச் சாத்தலாம். சமையலறையின் கதவை அது சாத்த முடியாது. அக்கதவைச் சாத்தும் ஆற்றல் அவ்வீட்டாரின் அறிவுக்கே உண்டு. கூலி உயர்வு, படிப்பகம், மாலை நேரத்தைக் கழிக்க நல்லதோர் இடம், தந்தையின் கூலிப் பணத்தை எண்ணிப் பார்க்கக் கற்ற பிள்ளைகள் ஆகிய இவை பெருகிய இடத்தில் பீப்பாய் தானே வறளும். இவற்றைப் பெருக்காது வெறுஞ்சட்டத்தை மட்டும் வேண்டி நிற்போர், அமெரிக்கத் திராட்சைக் கட்டியை ஒரு முறை நினைத்துப் பார்ப்பார்களாக.