அக்காவோட பிபியும் ஒரு முயல் தமனியும்

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு வாங்கின பிபி மெஷின்ல, சும்மா விளையாட்டா அக்காவும் கையைக் கொடுத்தா. 148க்கு 96. அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தோம். இறங்கல. அக்காவுக்கு வயசு 33. "இந்த வயசுல எனக்கு எப்படிடா?"ன்னு கேட்டா. அதுக்குப் பதில் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இந்த எபிசோடு.

1978. நியூயார்க்ல புரூக்ளின். ராபர்ட் ஃபர்ச்காட்னு ஒரு மருந்தியல் ஆய்வாளர். முயலோட பெரிய தமனியைத் துண்டா வெட்டித் தொங்கவிட்டு, மருந்து பட்டா சுருங்குதா தளருதான்னு பார்க்கிறது அவர் வேலை. அதுல ஒரு பழைய புதிர் இருந்துச்சு. அசிட்டைல்கோலின் மாதிரியான மருந்தை உயிருள்ள விலங்குக்குக் கொடுத்தா ரத்தக்குழாய் விரியும். அவரோட துண்டுல விட்டா சுருங்கும். ஒருநாள் டெக்னீஷியன் சோதனையோட வரிசையை மாத்திச் செஞ்சுட்டார். சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்துடுச்சு.

நானா இருந்தா "ஒழுங்கா திரும்பச் செய்"னு சொல்லியிருப்பேன். ஃபர்ச்காட் விடல, துருவித் துருவிப் பார்த்தார். ரத்தக்குழாயோட உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துல ஒரு படலம் உண்டு, எண்டோதீலியம். வெட்டும்போது அது உரசிப் போயிட்டா துண்டு சுருங்குது. படலம் தப்பிச்சா தளருது. சந்தேகமே வேண்டாம்னு, படலம் போன துண்டையும் படலம் இருக்கிற துண்டையும் சாண்ட்விச் மாதிரி ஒட்டிவெச்சுப் பார்த்தார். ரெண்டும் தளர்ந்துச்சு! அப்போ படலத்துல இருந்து ஏதோ ஒண்ணு கசிஞ்சு வருது. 1980ல 'நேச்சர்' இதழ்ல வந்த இந்தக் கட்டுரைக்கு முன்னாடி, அந்தப் படலத்தை வெறும் உள்பூச்சு மாதிரிதான் பெரும்பாலானவங்க நினைச்சிருந்தாங்க. கசிஞ்சது நைட்ரிக் ஆக்சைடுன்னு 1987 வாக்குல தெரிஞ்சுது. 1998ல நோபல்.

சரி, இதுல பெண்கள் எங்க? கர்ப்பத்துல பிபி ஏறி, வலிப்பு வரை போகிற நோய்க்கு டாக்ஸீமியான்னு பேர் வெச்சிருந்தாங்க, ரத்தத்துல நஞ்சுன்னு அர்த்தம். நஞ்சு மட்டும் கிடைக்கவே இல்ல. 1989ல ஜேம்ஸ் ராபர்ட்ஸும் சகாக்களும், ப்ரீஎக்லாம்ப்சியா அடிப்படையில இந்த உள்படலத்தோட கோளாறுன்னு எழுதினாங்க. 2003ல பாஸ்டன்ல, நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச அனந்த் கருமாஞ்சியோட குழு, நஞ்சுக்கொடியில இருந்து அளவுக்கு மீறிச் சுரக்கிற ஒரு புரதத்தைக் காட்டினாங்க. படலம் உயிர்ப்போட இருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை அது வழியிலேயே பிடிச்சு வெச்சுக்குது. குழாய் தளர முடியாம இறுகுது, பிபி ஏறுது. பழைய பேர் வெச்சவங்க ரொம்பத் தப்பு இல்லபோல.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. பிபியைக் குறைச்சா ஆபத்து குறையும்னு முதல்ல உறுதியா நிரூபிச்சது அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள்ல நடந்த ஆய்வு. 1967ல 143 பேர், 1970ல 380 பேர். அத்தனை பேரும் ஆண்கள். பிபின்னா நடுத்தர வயசு ஆம்பளை வியாதிங்கிற படம் அப்படியே பதிஞ்சுபோச்சு. 2020ல தான் 32,833 பேரோட 43 வருஷ அளவுகளை ஆண், பெண்ணுன்னு தனித்தனியா வெச்சுப் பார்த்தாங்க. பெண்களோட பிபி இருபதுகள்லயே ஆண்களைவிட வேகமா ஏற ஆரம்பிக்குது.

அக்காகிட்ட பிரசவ ஃபைலைத் தேடச் சொன்னேன். பீரோ அடியில இருந்துச்சு. எட்டாம் மாசம் 160க்கு 110. "குழந்தை பிறந்ததும் சரியாயிடுச்சேடா"ன்னா. அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் பிபி இறங்கும்தான். ஆனா ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவங்களுக்குப் பின்னாடி பிபி நிரந்தரமா வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட 3 மடங்குக்கு மேலன்னு 2007லயே ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்லிடுச்சு. கர்ப்பம் படலத்தைக் கெடுத்துச்சா, இல்ல ஏற்கெனவே இருந்த பலவீனத்தைக் காட்டிக்கொடுத்துச்சா? அந்த வாதம் இன்னும் ஓடுது. நாலு வருஷமா அக்காவுக்கு யாரும் பிபி பார்க்கல. அவளும் கேட்கல.

இப்ப மாத்திரை ஆரம்பிச்சாச்சு. காலையில, ராத்திரி அளந்து எனக்கு வாட்ஸ்அப்ல போடுறா. நேத்து 132க்கு 84. உங்க வீட்லயும் பீரோ அடியில அப்படி ஒரு ஃபைல் இருந்தா எடுத்துப் பாருங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது கையோட கொண்டு போங்க.