குறிஞ்சிக்குரிய பருவம்

மலைக்குச் செல்லும் காலம் எது என்று இன்றைய தமிழரைக் கேட்டால் பெரும்பாலோர் சித்திரை, வைகாசி என்றே விடை பகர்வர். பள்ளி விடுமுறையும் மே மாத மலர்க்காட்சியும் சமவெளியின் வெயிலும் சேர்ந்து அவ்விடையை நம் வாயில் வைத்துள்ளன. ஆனால் இவ்விடை தமிழ் மரபின் விடையன்று. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது கூதிர். அதனோடு முன்பனியும் உரியது என்பார். சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை ஆகிய நான்கு திங்களே குறிஞ்சிக்குரியவை. இளவேனிலும் முதுவேனிலும் பாலைக்குச் சென்றன. நாம் இன்று மலையேறும் மாதங்களை இலக்கணம் பாலைக்கு அளித்திருப்பதில் ஒரு நகைச்சுவை உண்டு. கோடை விடுமுறையில் மலைப்பாதையில் மணிக்கணக்காக ஊர்தியில் சிக்கி நின்றவர்கள் அதனை மறுக்கமாட்டார்கள்.

இந்த மாற்றம் எப்போது, எதனால் நேர்ந்தது என்பது இலக்கிய வரலாற்றோடு நிலவரலாற்றையும் இணைத்து நோக்க வேண்டிய ஒன்று.

முதலில் இலக்கணம் இவ்வாறு வகுத்ததன் காரணத்தை நோக்கலாம். கூதிர்க் காலத்து மலை எளிதில் செல்லத்தக்கதன்று. வானம் இருண்டிருக்கும், தூறல் ஓயாது, பாறைகள் பாசி படிந்து வழுக்கும், காட்டாறுகள் பெருகியிருக்கும், யானையும் புலியும் இயங்கும் வழி அது. உரையாசிரியர்கள் இந்த அருமையையே காரணமாகக் கொண்டனர். இருளும் துளியும் மிகுதலால் வருதல் அரிதாகிறது. அரிதாதலால் வரவின் மதிப்பு உயர்கிறது. விலங்கும் பறவையும் தத்தம் துணையோடு ஒடுங்கியிருத்தலால் தனித்திருப்பார்க்கு வேட்கை மிகுகிறது என்பது அவர்தம் விளக்கத்தின் சாரம். இரவுக்குறியில் வரும் தலைவனை எண்ணித் தலைவி மகிழ்வதினும் அஞ்சுவதே மிகுதி. அவ்வச்சத்தை எடுத்துக்கூறியே தோழி அவனை மணத்தை நோக்கிச் செலுத்துவாள். வழியின் கொடுமை இல்லையெனில் வரைவு கடாவுதல் என்னும் துறையில் பாதி வலிமை குன்றிவிடும். எனவே குளிரும் இருளும் குறிஞ்சிக்குப் பின்னணி அல்ல. அத்திணையின் பொருளே அவற்றால் இயங்குகிறது.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. சங்கப் பாடல்களில் மலைக்குச் செல்வோர் எவரும் மலையைப் பார்ப்பதற்காகச் செல்வதில்லை. ஒரு மனிதரைக் காணச் செல்கின்றனர். மலைபடுகடாம் முழுவதும் மலைவழியைச் சொல்லும் நூல். 583 அடிகளில் கூத்தர் கூட்டத்திற்கு நன்னனிடம் செல்லும் பாதை காட்டப்படுகிறது. பன்றிகளுக்கு வைத்த பொறிகள் எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், வழுக்குப் பாறையை எவ்வாறு கடப்பது, இரவில் எங்கே தங்குவது என்றெல்லாம் நடந்து பழகியவன் சொல்வான். அழகும் உண்டு, அருவியின் ஓசையும் பல்வேறு ஒலிகளும் நூலின் பெயருக்கே காரணமாயின. ஆயினும் அவ்வழகு நடப்பவனின் காதில் விழும் அழகு; நின்று பார்ப்பவனுக்காக விரிக்கப்பட்டதன்று.

‘பனி’ என்னும் சொல்லும் இதற்குச் சான்று பகரும். தமிழ்நிலத்தில் வானிலிருந்து வெண்பனி பொழிவதில்லை. இமயத்தைப் புலவர்கள் கேள்வியால் அறிந்திருந்தனர். நம் பனி, இலைநுனியில் நிற்பது, கண்ணில் நிறைவது, உடலை நடுக்குவது. பனித்தல் என்றாலே நடுங்குதல். கண்ணீரையும் நடுக்கத்தையும் குளிர்ந்த துளியையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் முன்பனிக்காலம் வெறும் தட்பவெப்பக் குறிப்பாக நிற்க இயலாது. இக்காலத்து நீலகிரி மக்கள் இன்னும் நுணுகி, நீர்ப்பனி, உறைபனி என இரண்டாகப் பிரித்து வழங்குகின்றனர். பருவத்தின் தொடக்கத்தில் நீர்ப்பனி. பின்னர் புல்வெளிகளை உப்புப் பூத்தாற்போல் வெளுக்கச் செய்யும் உறைபனி.

உறைபனி விழும் முறையையும் இவ்விடத்தில் சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும்போது, பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி மேலே சென்றுவிடுகிறது. காற்று அசையாதிருந்தால், குளிர்ந்து கனத்த காற்று நீர் போலவே சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே உச்சியைவிடப் பள்ளத்திலேயே உறைபனி கடுமை. உதகையை அடுத்த தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வெப்பநிலை சுழியத்தைத் தொடுவதும் அதற்குக் கீழே இறங்குவதும் இதனாலேயே. காலையில் கதிர் பட்டதும் அது மறைந்துவிடும். பார்க்க வருவோர் மறைவதற்குமுன் படமெடுத்துக்கொள்கின்றனர். தேயிலை பயிரிட்டவரோ கருகிய கொழுந்தைப் பார்க்கின்றனர். இளஞ்செடிகளைத் தழைகொண்டு மூடுவதும், காய்கறிப் பயிர்களின்மேல் விடியுமுன் நீர் தெளிப்பதும் அவர்களுடைய மார்கழி வேலைகள். வெண்மையின் அழகைப் பாடப் புகும் கவிஞர் இந்தக் கருகலையும் அறிந்து பாடுதல் நலம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி மீது ஏறியது 1819 ஜனவரியில். அவருக்கு முன்னரே 1812இல் நில அளவையாளர்களும் 1818இல் அவருடைய உதவியாளர்களும் சென்று வந்திருந்தனர். கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டிப் பகுதியில் அவர் தங்கினார். ஆக, நீலகிரியின் நவீன வரலாற்றைத் தொடங்கி வைத்த பயணமே ஒரு முன்பனிக்காலப் பயணம். கூதிர்க் கடுமை ஓய்ந்து, வழி உலர்ந்து, வானம் தெளிந்த தைத்திங்களை ஒட்டி அவர் ஏறியிருக்கிறார். 1822இல் உதகையில் அவர் தமக்குக் கல்வீடு கட்டத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஏரியும் உருவாயிற்று.

அந்தத் தொடக்கம் விரைவில் மறக்கப்பட்டது. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்க்கு வேண்டியது சமவெளியின் வெப்பத்திலிருந்து விடுதலை. நோயுற்ற படைவீரர்கள் தேறுவதற்கான இடமாகவும், பின்னர்ச் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைமையிடமாகவும் உதகை ஆக்கப்பட்டது. வெயில் ஏறும்போது ஆளுநரும் அலுவலகங்களும் கோப்புகளும் மேலே சென்றன. பருவம் முடிந்ததும் இறங்கின. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகைவரை 1908இலும் ஓடத் தொடங்கிய மலை ரயில் அவ்வழக்கத்தை உறுதிப்படுத்தியது. ‘சீசன்’ என்னும் சொல் மலைவாழ் மக்களின் வாய்மொழியிலும் ஏறிவிட்டது. தொல்காப்பியரின் பொழுது மலையில் நிகழ்வதைக் கொண்டு வகுக்கப்பட்டது. ‘சீசன்’ சமவெளியில் நிகழ்வதைக் கொண்டு வகுக்கப்பட்டது. கோடைவாசத்தலம் என்னும் பெயரிலும் மலைக்கென்று ஒரு பண்பும் சொல்லப்படவில்லை. கீழே வெயில் என்பது மட்டுமே சொல்லப்படுகிறது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் நேர்மாறான மாற்றம் நிகழ்ந்தது. அங்குக் கோடையில் மட்டுமே விருந்தினர் வந்தனர். பனிக்காலம் வறுமையின் காலம். 1864இல் செயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊரின் விடுதி உரிமையாளர் ஜோகன்னஸ் பட்ருட், தம் ஆங்கில விருந்தினர் சிலரிடம், பனிக்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நான் தருகிறேன் என்று பந்தயம் கட்டியதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1865இன் பனிக்காலத்தில் டாவோஸ் என்னும் மலையூருக்குக் காசநோயாளிகள் வந்தது வரலாறு. தாழ்ந்த நிலம் மூடுபனியில் மூழ்கியிருக்க, உயர்ந்த பள்ளத்தாக்கில் வறண்ட குளிரும் நிறைந்த வெயிலும் இருந்தன. ஸ்டீவன்சன் 1880 முதல் 1882 வரை இரு பனிக்காலங்கள் அங்கே தங்கினார். ‘புதையல் தீவு’ அங்கேதான் நிறைவுற்றது. மனைவி அங்கே சிகிச்சை பெற்றபோது காணச் சென்ற தாமஸ் மன், 1924இல் வெளிவந்த ‘மாய மலை’ நாவலுக்கு அவ்வூரையே களமாக்கினார். அதே 1924இல் சமோனியில் முதல் பனிக்கால ஒலிம்பிக் நடந்தது. நோயாளியின் மலை விளையாட்டு வீரனின் மலையாக மாறியதற்கு அறுபது ஆண்டுகளே போதுமானதாயிற்று.

தமிழகத்தில் பனிக்கால மலைப்பயணம் அற்றுப்போயிற்றா எனில், இல்லை. சுற்றுலாக் கையேடுகளில் தேடுவதால்தான் அது அகப்படுவதில்லை. கார்த்திகைத் திங்களில் 2668 அடி உயர அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது; மலையைச் சுற்றி மக்கள் வெள்ளம் நடக்கிறது. கார்த்திகை முதல் நாளில் மாலையணிந்து, குளிர்நீரில் நீராடி, தைத் தொடக்கத்து மகரவிளக்குவரை சபரிமலைக்குச் செல்வோரில் தமிழர் பெருந்தொகையினர். தைப்பூசத்திற்குப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் அறுவடை முடித்த கையோடு செல்கின்றனர். கூதிர், முன்பனி என்னும் இரு பெரும்பொழுதுகளும் இம்மூன்று மலைகளிலும் பிறழாமல் வாழ்கின்றன. பழனி குறிஞ்சித் தெய்வத்தின் மலையே ஆகும். கார்த்திகை விளக்கு சங்கப் பாடல்களிலேயே பேசப்படுவது. மயிலைப் பதிகத்தில் ஞானசம்பந்தர் கார்த்திகை விளக்கீட்டையும் தைப்பூசத்தையும் விழாக்களின் வரிசையில் வைத்துப் பாடியுள்ளார். இந்த நடைப்பயணிகளும் இயற்கைக் காட்சிக்காகச் செல்வோர் அல்லர். மலைபடுகடாத்துக் கூத்தரைப் போன்று ஒருவரைக் காணவே செல்கின்றனர். வழியின் அருமையும் அவர்களுக்குத் தடையாகாமல் நோன்பின் பகுதியாகிறது.

அவ்வருமை ஏட்டளவில் நிற்பதும் அன்று. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த கூதிர் மழையின் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 டிசம்பர் முதல் நாளில் புயல் மழையால் அண்ணாமலைச் சரிவு இடிந்து ஒரு வீட்டிலிருந்த எழுவர் உயிரிழந்தனர். அம்மாதம் 13ஆம் நாள் தீபம் ஏற்றப்பட்டது. ஆனால் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. வேரற்ற சரிவுகளில் வீடுகளும் விடுதிகளும் பெருகிவிட்ட நிலையில், தோழியின் அச்சத்தைப் பழம்பாட்டின் உத்தி என்று சொல்லி வகுப்பறையில் கடந்துவிடுதல் எளிதாயில்லை.

நீலகிரியின் தொல்குடிகளுடைய நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். தோடர்கள் டிசம்பர் இறுதியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ முத்தநாடு மந்தில் கூடித் தங்கள் ஆண்டுவிழாவைக் கொண்டாடுகின்றனர். சிவப்பும் கறுப்புமாகப் பின்னல் வேலை செய்த புத்துக்குளியைப் போர்த்தி ஆண்கள் ஆடுவர். இளைஞர்கள் வட்டக்கல்லைத் தூக்கித் தம் வலிமையைக் காட்டுவர். கோத்தர்களின் ஆண்டுப் பெருவிழாவும் அப்பருவத்திலேயே. படகர்களின் எத்தையம்மன் விழாவும் அப்படியே. உதகையில் விடுதிகள் ‘சீசன் இல்லை’ என்று கட்டணத்தைக் குறைத்த நாள்களில்தான் மலைக்கு உரியவர்கள் தங்கள் மலையில் விழா எடுத்துள்ளனர். இவர்களில் எவரும் அகத்திணையியல் பயின்றவர்கள் அல்லர். மழை நின்று, வானம் தெளிந்து, வேலை குறைந்து, உறவினர் கூடுதற்கு ஏற்ற காலம் எதுவென்று மலையே அவர்களுக்குக் கற்பித்தது. தொல்காப்பியர்க்கும் அவருக்கு முந்தைய புலவர்க்கும் கற்பித்ததும் அதுவாகவே இருத்தல் கூடும்.

குறிஞ்சி மலர் மட்டும் இக்கணக்கில் அடங்குவதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை, கார்காலத்தின் நடுவிலேயே பூத்துவிடுகிறது. 2018இல் அவ்வாறே பூத்தது. திணைக்குப் பெயர் தந்த மலர் திணையின் பொழுதுக்கு முன்னரே வந்து நிற்பதை உரைகாரர்கள் ஏன் பேசாது விட்டனர் என்பது ஆய்வுக்குரியது.

கோடைக்கூட்டத்தின் கணக்கை நீதிமன்றம் வரையறுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6000 ஊர்திகளும் வார இறுதியில் 8000 ஊர்திகளும் என வரம்பு கட்டப்பட்டது. இளவேனில், முதுவேனில் ஆகிய பாலைப் பொழுதுகளுக்கே அவ்வரம்பு. மார்கழி கழிந்து வரும் நாள்களில், சல்லிவன் முதலில் தங்கிய திம்பட்டிப் பகுதியை அடுத்த பேரகணிக்கு எத்தையம்மனைக் காண வெண்ணிற ஆடை உடுத்த படகர்கள் ஊர் ஊராகக் கூடி நடந்து வருகின்றனர்.