வளரி சொல்லும் பாடம்



சிவகங்கைச் சீமையை மருது சகோதரர்கள் ஆண்ட காலம். 1795ஆம் ஆண்டு ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது. வளரி என்றால் வளைந்த எறிகட்டை. நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்று அந்த மாணவரே பின்னாளில் எழுதினார்.

1801இல் போர் மூண்டது. குருவை எதிர்த்த படையிலே சீடரும் இருந்தார்! அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் பிள்ளை துரைசாமியையும் இன்னும் 72 பேரையும் 1802இல் நாடு கடத்தினார்கள். எங்கே? நம்ம பினாங்குக்குத்தான்! 1818இல் அங்கே துரைசாமியைக் கண்ட வெல்ஷ் மனம் கலங்கினார். சிறு வயதில் வந்தவர் அதற்குள் கிழவர் போல் ஆகியிருந்தார்.

ஜப்பானிலும் 1876இல் பொது இடத்தில் வாள் ஏந்தத் தடை வந்தது. ஆனாலும் பழைய வாள்வித்தை மரபுகள் சில இன்றும் வாழ்கின்றன. அங்கே குரு பயிற்சியோடு சுருளேடும் எழுதிக் கொடுப்பது வழக்கம். நமக்கோ, சின்ன மருது பாடம் சொன்ன கதையே 1830இல் வெளிவந்த வெல்ஷின் நூலால்தான் தெரிகிறது.

மாணவர்களே! உங்க லயத்திலே சிலம்பம் தெரிந்த தாத்தா இருந்தால், காலடி எப்படி, வீச்சு எப்படி, யாரிடம் கற்றார் என்று கேளுங்க. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்க. தாத்தா போன பிறகு யாரைப் போய்க் கேட்பது?