சேமின் பெயரால்

திருப்பதி அருகே ஏர்பேட்டில் ஐ.ஐ.டி.யும் இருக்கிறது, அறிவியல் கல்வி நிறுவனமான ஐசரும் இருக்கிறது. இரண்டிலும் இயற்பியல் படிப்பவர்கள் ‘பார்ன் விதி’யைப் படிக்காமல் குவாண்டம் பாடத்தைத் தாண்ட முடியாது. அந்த விதியை 1926-இல் சொன்ன மாக்ஸ் பார்னை, 1933-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை விட்டுத் துரத்தியதும் ஒரு பெயர்தான். அது பிறந்ததும் அதே ஊரில்.

ஆதியாகமத்தில் நோவாவின் மகன்களில் ஒருவன் சேம். எபிரேயம், அரபு, அராமைக் மொழிகளுக்குப் பொதுப்பெயர் தேடிய கோட்டிங்கன் வரலாற்றாசிரியர் ஷ்லோட்ஸர், 1781-இல் அவனை வைத்து ‘செமிட்டிக்’ என்றார். 1856-இல் கால்டுவெல் நம் மொழிகளைத் ‘திராவிட’க் குடும்பம் என்றாரே, அதுபோன்ற வேலைதான். ஆனால் மொழிக்கு வைத்த பெயர் ஆட்கள்மேல் ஏறிக்கொண்டது. 1879-இல் வில்ஹெல்ம் மார் தொடங்கிய ‘செமிட்டிக் எதிர்ப்பாளர் சங்க’த்துக்கு அரபு பேசுவோர் ஒரு பொருட்டில்லை, குறி யூதர்கள் மட்டுமே. மதத்தைச் சொல்லி வெறுத்த வரையில் மதம் மாறியாவது தப்பலாம். புதுச் சொல் பார்த்தது இரத்தத்தை.

யூதக் குடும்பத்தில் பிறந்த பார்ன் 1914-லேயே லூதரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கிய நாஜிகளின் 1933 ஏப்ரல் சட்டத்துக்கு அதனால் என்ன? அது கேட்டது, ‘நீ ஆரியனா?’ என்று. பாருங்கள், நம் பக்கத்திலிருந்து போன சொல்!

சர் சி. வி. ராமன் அவரைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தார். 1935-36-இல் சில மாதங்கள் இருந்தார் பார்ன். நிரந்தரப் பேராசிரியராக்க ராமன் முயன்றபோது, ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாடே விரட்டிய இரண்டாந்தர அந்நியர் இங்கு எதற்கு என்ற பொருளில் பேசியதைப் பார்னே எழுதியிருக்கிறார். ‘யூதர்’ என்ற சொல்லே அதில் தேவைப்படவில்லை. அகதி, அந்நியர் என்பவை போதுமாயிருந்தன. அழைத்தவரோ, வெள்ளையர் ஆட்சியில் அக்கழகத்தின் இயக்குநராக அமர்ந்த முதல் இந்தியர். அவர்மேலும் பலருக்குப் புகைச்சல். ஒருவர்மேல் பல அடையாளங்கள் சேர்ந்து விழும்போது ஒற்றைப் பெயர் அத்தனையையும் காட்டாது. கறுப்பினப் பெண்களின் வழக்குகளைப் பார்த்து 1989-இல் கிம்பர்லே கிரென்ஷா சொன்னது இதைத்தான்.

பார்ன் எடின்பரோ போனார். 1954-இல் நோபல் பெற்றார். பெயரைச் சொல்லாமலே ஒதுக்கும் வழக்கம் மட்டும் இங்கே போகவில்லை. நம் வளாகங்களில் சாதிப்பெயரை நேராகக் கேட்க வேண்டியதில்லை, ரேங்க் கேட்டாலே ஒதுக்கீடு தெரிந்துவிடும். மும்பை ஐ.ஐ.டி. 2023-இல், சக மாணவரிடம் நுழைவுத்தேர்வு ரேங்க் கேட்காதீர்கள் என்று வழிகாட்டு விதியே வெளியிட வேண்டியிருந்தது.